நாய் பிஸ்கட் நாலே நாளில் பூஞ்சை பிடிக்கிறதே, ஏன்?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு நாட்டு நாய் செல்லிக்கு நான்கு வயது, 12 கிலோ எடை, கருத்தடை ஆனவள். தினமும் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட் போட்டு வந்தோம். டாக்டர் நிறுத்தச் சொன்னதால் வீட்டிலேயே செய்து பார்த்தேன். கோதுமை மாவு இரண்டு கப், வெல்லம் அரை கப், நெய் மூன்று ஸ்பூன், வேர்க்கடலை வெண்ணெய் இரண்டு ஸ்பூன், சமையல் சோடா அரை ஸ்பூன் போட்டு, ஓடிஜியில் 180 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். ஓரம் கருகிவிட்டது. தின்ற மறுநாளே செல்லிக்குக் கழிச்சல். நாலாம் நாள் டப்பாவைத் திறந்தால் பிஸ்கட் நமத்துப்போய்ப் பச்சைப் பூஞ்சை பிடித்திருக்கிறது. துடைத்துவிட்டுத் தெருநாய்களுக்குப் போடலாம் என்கிறார் மாமியார். போடலாமா? புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் தங்கையும் செய்யக் கேட்கிறாள், ஆனால் அவளிடம் ஓவன் இல்லை. கார்த்திகையில் செல்லிக்குப் பிறந்தநாள் வருகிறது, கேக் செய்யலாமா?

பதில்: மாமியார் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். போடக் கூடாது, எந்த நாய்க்கும். கண்ணுக்குத் தெரிகிற பச்சை, பூஞ்சையின் மேல்பகுதிதான். அதன் இழைகள் பிஸ்கட்டின் உள்ளே ஓடியிருக்கும். ரொட்டி, பிஸ்கட் போன்றவற்றில் வளரும் சில பூஞ்சைகள் சுரக்கும் நஞ்சு நாயின் நரம்புகளைத் தாக்கும். சில மணி நேரத்திலேயே உடல் நடுங்கி, தள்ளாடி, வலிப்பு வரை போகலாம். திரும்பச் சூடு செய்தால் பூஞ்சை செத்துவிடும், ஆனால் நஞ்சு அப்படியே இருக்கும். தெருநாய் எதையும் செரிக்கும் என்பது நாமாகச் சொல்லிக்கொள்வது. பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

உங்கள் செய்முறையில் மாவு சரி, அடுப்பும் சரி. கெடுத்தது ஈரம். 180 டிகிரி என்பது நாம் தின்கிற மெல்லிய, நெய் நிறைந்த பிஸ்கட்டுக்கான சூடு. நாய் பிஸ்கட் கெட்டியான மாவு. அந்தச் சூட்டில் மேல்தோல் சட்டென்று இறுகிவிடும், உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழி இருக்காது. வெல்லம் சேர்த்ததால் ஓரம் இன்னும் சீக்கிரம் கருகும். கருகியதைப் பார்த்து வெந்துவிட்டது என்று வெளியே எடுத்திருப்பீர்கள். நடு ஈரமாகவே இருந்திருக்கும். டப்பாவில் அடைத்த பிறகு அந்த ஈரம் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து பிஸ்கட் முழுவதையும் நமக்கவைக்கும். இளஞ்சூட்டோடு மூடியிருந்தால் மூடியின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்து அதுவும் சேர்ந்துகொள்ளும். இதற்கு மேல் வெல்லம் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். கடலூர் ஐப்பசி மழையில் வெல்லப் பானையே கசிகிறதே, பிஸ்கட் எப்படித் தாங்கும்?

ஆகவே வெல்லம் வேண்டாம். சமையல் சோடாவும் வேண்டாம். நாய் பிஸ்கட் உப்பி வர வேண்டியதில்லை, தட்டையாக இருந்தால்தான் காயும். நெய் மூன்று ஸ்பூன் என்பதுதான் கழிச்சலுக்கு முதல் சந்தேகம். பழகாத வயிற்றில் ஒரேயடியாகக் கொழுப்பும் வெல்லமும் புதுத் தீனியும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கொழுப்பு அதிகமானால் சில நாய்களுக்குக் கணையமே வீங்கும். வாந்தி, முதுகைக் குனித்து நிற்பது, வயிற்றைத் தொட்டால் முனகுவது ஆகியவை அதன் அடையாளங்கள். செல்லிக்குக் கழிச்சலோடு நின்றது நல்லது.

இனி செய்முறை. கோதுமை மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், பரங்கிக்காய் மசியல் 90 கிராம், முட்டை ஒன்று, எண்ணெய் ஒரு டீஸ்பூன். இவ்வளவுதான். உப்பு, சர்க்கரை, ஏலக்காய் எதுவும் கிடையாது. சமையலறைத் தராசு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு ஒரு முக்கியமான வேலைக்கு அது வேண்டும். இல்லாவிட்டால் கோதுமை மாவு ஒன்றேகால் கப், கேழ்வரகு மாவு அரை கப்புக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

பரங்கிக்காயைத் தண்ணீரில் போட்டு வேகவைக்காதீர்கள். தோல், விதை நீக்கி 150 கிராம் துண்டுகளை இட்லித் தட்டில் ஆவியில் அவித்து, மசித்து, வாணலியில் சிறு தீயில் கிளறி நீரை வற்றவிடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் ஒட்டி நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் 90 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மாவு கையில் பிசுபிசுக்கும், மேலும் மேலும் மாவு சேர்ப்பீர்கள், கடைசியில் பிஸ்கட் கல்லாகும். பரங்கி இல்லாத நாளில் கேரட் அல்லது சர்க்கரைவள்ளி இதே பதத்தில் போடலாம்.

மசியல் ஆறிய பிறகு முட்டையையும் எண்ணெயையும் அடித்துக் கலந்து, மாவு இரண்டையும் சேர்த்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, பூரி மாவு போல இருக்க வேண்டும். உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் போதும். ஈரத்துணி போட்டு மூடி 20 நிமிடம் விடுங்கள். கேழ்வரகு நீரை மெதுவாகத்தான் குடிக்கும், உடனே தேய்த்தால் ஓரம் வெடிக்கும். கேழ்வரகைக் கால் பங்குக்கு மேல் கூட்ட நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதில் மாவைப் பிடித்து நிறுத்தும் பசைத்தன்மை கிடையாது. பாதிக்குப் பாதி போட்டால் பிஸ்கட் டப்பாவிலேயே பொடியாகும்.

6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, டைமண்ட் பிஸ்கட்டுக்கு வெட்டுவது போல இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சதுரங்களாக வெட்டுங்கள். சுமார் 90 துண்டு வரும். ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் இரண்டு குத்து குத்துங்கள். அழகுக்காக இல்லை, நடுவில் இருக்கும் ஆவி வெளியேற அதுதான் வழி. துண்டுகளைத் தட்டில் பரப்புவதற்கு முன் மொத்த மாவையும் எடை போட்டு எழுதி வையுங்கள். மேலே சொன்ன அளவுக்கு ஏறத்தாழ 345 கிராம் இருக்கும்.

ஓடிஜியை 160 டிகிரிக்குச் சூடாக்கி 25 நிமிடம் வையுங்கள். இது வேகவைக்கும் கட்டம். பிறகு துண்டுகளைத் திருப்பிப் போட்டு, சூட்டை 100 டிகிரிக்குக் குறைத்து, 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். இது உலர்த்தும் கட்டம், நீங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான். இந்த நேரத்தில் ஓடிஜி கதவின் இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி விரலளவு திறந்து வையுங்கள். இல்லையென்றால் வெளியேறிய ஆவி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு அணைத்துவிட்டு, அதே இடுக்கோடு உள்ளேயே ஆறவிடுங்கள்.

ஆறிய பிறகு மறுபடி எடை போடுங்கள். 345 கிராம் மாவு 225, 230 கிராமுக்கு இறங்கியிருந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். 250 காட்டினால் இன்னும் இருபது கிராமுக்கு மேல் நீர் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, மறுபடி 100 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். கேழ்வரகு போட்ட பிஸ்கட் வேகும் முன்னமே பழுப்புதான்.

தராசு இல்லாதவர்களுக்கு வேறு சோதனை உண்டு. முழுக்க ஆறிய ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்து, உடைந்த முகம் முழுவதும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் கருத்த கோடு தெரிந்தாலோ, ஒடியாமல் வளைந்து பிய்ந்தாலோ ஈரம் இருக்கிறது. அப்புறம் நாலைந்து பிஸ்கட்டைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இரவு மூடி வையுங்கள். மாலையில் மொறுமொறுவென்று இருந்தது காலையில் நமத்திருந்தால் உள் ஈரம் வெளியே வந்துவிட்டது. மொத்தத்தையும் திரும்ப உலர்த்துங்கள். அந்த ஒரு இரவு பொறுத்தால் நாலாம் நாள் குப்பைக்குப் போகாது.

உங்கள் தங்கைக்கு: கனமான அடியுள்ள பாத்திரம் அல்லது குக்கர் போதும். குக்கராக இருந்தால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும், உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு, அதன்மேல் தட்டு. பத்து நிமிடம் சூடாக்கிய பிறகு பிஸ்கட் தட்டை வைத்து மூடி, சிம்மில் 35 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். சூடு கீழிருந்து மட்டும் வருவதால் அடி சிவந்து மேல் வெளுத்திருப்பது சகஜம். ஆனால் குக்கருக்குள் பிஸ்கட் வேகுமே தவிர காயாது. கடைசிக் கட்டத்தைத் தோசைக்கல்லில்தான் செய்ய வேண்டும். ஒரே அடுக்காகப் பரப்பி, இருப்பதிலேயே சிறிய தீயில், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டி 20 நிமிடம். சித்திரை வைகாசி என்றால் வெந்த பிஸ்கட்டை மெல்லிய துணியால் மூடி மொட்டை மாடியில் ஒரு பகல் காயவைக்கலாம். வேகாத மாவை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள், முட்டை இருக்கிறது. மழைக்காலத்தில் வெயிலை நம்ப வேண்டாம், தோசைக்கல்தான் கதி.

பத்திரப்படுத்த: முழுக்க ஆறிய பிறகே கண்ணாடிப் பாட்டிலில் மூடுங்கள். வெயில் காலத்தில் வெளியே ஒரு வாரம், மழை நாளில் நான்கு நாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்து, மீதியைக் காற்றுப்புகாத பையில் ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டு மாதம் தாங்கும். எடுத்தவுடன் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த பிஸ்கட்டின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். நமத்தால் தோசைக்கல்லில் ஐந்து நிமிடம். பூஞ்சை என்றால் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

எத்தனை கொடுக்கலாம்? தின்பண்டம் ஒரு நாள் உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவத்தில் பொதுக் கணக்கு. கருத்தடை ஆன 12 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 720 கலோரி வேண்டும், அதில் பத்தில் ஒன்று 72. மேலே சொன்ன மொத்த மாவும் ஏறத்தாழ 815 கலோரி, 90 துண்டுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 9. ஆக, செல்லிக்கு ஒரு நாளைக்கு எட்டு. அதுவும் சாப்பாட்டில் அரைக் கரண்டிச் சோற்றைக் குறைத்துவிட்டுத்தான். நீங்கள் போட்டு வந்த குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றே சுமார் 20 கலோரி, அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரை. டாக்டர் நிறுத்தச் சொன்னதில் வியப்பில்லை. செல்லி ஏற்கெனவே பூசினாற்போல இருந்தால், அதாவது தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை என்றால், எட்டை நான்காக்குங்கள். ஒரு பிஸ்கட்டை நான்காக உடைத்துக் கொடுத்தாலும் நாய்க்கு அது நான்கு தடவை கிடைத்த சந்தோஷம்தான். அளவு பார்க்கிற பழக்கம் அதற்குக் கிடையாது, நமக்குத்தான்.

முதல் நாள் அரை பிஸ்கட், மறுநாள் ஒன்று, மலம் இயல்பாக இருந்தால் நாலாம் நாளிலிருந்து முழு அளவு. தின்றபின் காது, பாதம், அடிவயிறு சொறிந்துகொண்டே இருந்தால் கோதுமையோ முட்டையோ ஒத்துக்கொள்ளவில்லையா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு நீங்களாக மாவை மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பதைவிட மருத்துவரிடம் காட்டுவது மேல். சிறுநீரில் கல் வந்த நாய் என்றால் கேழ்வரகு வேண்டாம், 200 கிராமும் கோதுமையாகவே இருக்கட்டும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கணைய வீக்கம் வந்த நாய்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

சேர்க்கக் கூடாதவற்றில் உலர்திராட்சைதான் முதல். பாயசத்துக்கு வாங்கியது கை தவறி விழுந்தால்கூடப் பொறுக்கி எடுங்கள். திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும், எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. அந்த அமிலம் புளியில் ஏராளம் என்பதால் புளிசாதம், குழம்புச் சோறு போடுவதையும் நிறுத்துங்கள். குழம்பில் வெங்காயம், பூண்டு வேறு இருக்கும், இரண்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. சாக்லேட், கோகோ கூடாது. ஜாதிக்காய் கூடாது.

வேர்க்கடலை வெண்ணெயைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். மனிதனுக்குத் தொந்தரவில்லை, நாய்க்கு அரை மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், கல்லீரலும் கெடலாம். லேபிளில் அந்தப் பெயரோ 967 என்ற எண்ணோ இருந்தால் நாய்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். விருத்தாசலம் பக்கத்துக் கடலையை வாங்கி வீட்டில் வறுத்து அரைப்பது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு பருப்பாகப் பார்த்து, சுருங்கியது, கருத்தது, கசப்பது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். கடலையில் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நாயின் கல்லீரலைத் தாக்கும், வறுத்தாலும் சுட்டாலும் முழுதாகப் போகாது. உங்கள் பிஸ்கட்டுக்கு அது அவசியமே இல்லை என்பது என் கருத்து.

பண்ருட்டி முந்திரி நஞ்சில்லை, ஆனால் பத்துப் பருப்பு சுமார் 80 கலோரி, செல்லியின் ஒரு நாள் பங்கு அதிலேயே தீர்ந்தது. பலாச்சுளை ஒரு சிறு துண்டு தரலாம், கொட்டை கூடாது. பலாக்கொட்டையும் மாங்கொட்டையும் குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான்.

தப்பித்தவறி திராட்சையோ சாக்லேட்டோ சைலிட்டாலோ தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். அந்த உப்பே தனி விஷமாகும். தின்ற பொருளின் உறையோடு உடனே மருத்துவரிடம் போங்கள், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருந்து கொடுத்து வயிற்றைக் காலி செய்ய வாய்ப்பு உண்டு. உங்கள் தங்கைக்குக் குரும்பாப்பட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மாவு பிசையப் பொறுமை இல்லாத வாரத்துக்கு ஒன்று சொல்கிறேன். கடலூர் முதுநகரில் பச்சை நெத்திலி கிடைக்கிற நாளில் கால் கிலோ வாங்கித் தலையும் குடலும் கிள்ளி எடுத்து, உப்பில்லாமல் ஐந்து நிமிடம் வேகவைத்து வடித்து, ஓடிஜியில் 100 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். ஒடித்தால் சருகு போல நொறுங்க வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். கருவாட்டுக் கடை நெத்திலி வேண்டாம், அது உப்பு. பச்சையாகவும் போடாதீர்கள், சில மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, வெந்தால் அது போய்விடும். வீடு இரண்டு நாள் மணக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

பிறந்தநாள் கேக்குக்கு இட்லிப் பானை போதும். ஒரு முட்டையை நுரைக்க அடித்து, நான்கு மேசைக்கரண்டி கோதுமை மாவு, மூன்று மேசைக்கரண்டி துருவிய கேரட், ஒரு ஸ்பூன் தயிர் கலந்து, எண்ணெய் தடவிய இட்லிக் குழியில் ஊற்றி 15 நிமிடம் அவியுங்கள். சோடா இல்லாததால் முட்டை நுரைதான் அதை மெத்தென்று ஆக்கும், அடிப்பதில் சோம்பல் வேண்டாம். மூன்று இட்லி வரும். ஒன்று ஏறத்தாழ 65 கலோரி, அன்றைக்கு அது ஒன்றுதான், பிஸ்கட் கிடையாது. மேலே பூச, துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர். மெழுகுவத்தி செருகினால் ஊதியவுடன் எடுத்துவிட்டுத் தட்டைக் கீழே வையுங்கள். செல்லி கேக்கையும் மெழுகையும் பிரித்துப் பார்க்க மாட்டாள்.